லாலாங்குக்குள் பேர் சொல்லக் கூடாது

எங்கள் நடைக் கூட்டத்துக்குச் செல்லம் அக்கா போட்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான். லாலாங் புல்லுக்குள் காலை வைத்துவிட்டால் யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது.

தண்ணீர் இல்லாமல் வரலாம். தொப்பி இல்லாமல் வரலாம். மஜீத் பாய் மாதிரி முட்டி வலியோடு வந்து, பாதி வழியில் உட்கார்ந்து எல்லாரையும் திட்டலாம். அதற்கெல்லாம் அக்கா ஒன்றும் சொல்ல மாட்டார். பேர் சொன்னால் மட்டும் கண்ணை உருட்டுவார். சின்ன வயதிலேயே ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டப் போனவர் அவர். விடியாத இருட்டில் மரக்காட்டுக்குள் போகிற பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்களாம். அங்கே கேட்டுக்கொண்டிருக்கிற ஏதோ ஒன்று அந்தப் பேரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பிறகு தெரிந்தவர் குரலிலேயே கூப்பிட்டுக் கொண்டுபோய்விடும் என்பது நம்பிக்கை.

"அப்படி ஒன் பேரு காதுல விழுந்துச்சின்னா, நின்ன எடத்துலயே நின்னுறணும். ஏன்னு கேக்கவே கூடாது. அதுக்கு ரெண்டு தடவதான் கூப்பிடத் தெரியும். மூணாவது தடவ கூப்பிட்டா மனுசன். அப்பறம் வாயத் தொற" என்பார் அக்கா.

எனக்குச் சிரிப்பாக வரும். நான் ஒரு கிளினிக்கில் கவுண்டரில் உட்கார்ந்து பேர் கூப்பிடுகிற வேலை பார்ப்பவள். காலையிலிருந்து மாலைவரை அதுதான் பிழைப்பு. மூன்று தடவை கூப்பிட்டும் ஆள் வரவில்லையென்றால் கார்டை ஓரமாக வைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவேன்.

"அதுக்கு ரெண்டு தடவ, எனக்கு மூணு தடவ. நான் கொஞ்சம் பொறுமையான பேயி, அவ்ளோதான்க்கா" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். கூட்டமே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

பேர் கூடாது என்றால் எப்படித்தான் கூப்பிடுவது? ஊர்ப் பேரைச் சொல்லித்தான். அக்கா ரந்தாவ். மஜீத் பாய் தம்பின். அங்கே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார், இனிப்புநீர் வியாதி குறைய நடக்க வேண்டும் என்று அவர் மனைவி சைதூன் பீவி வாராவாரம் அவரைக் காரில் ஏற்றி அனுப்பிவிடுவார். நான் கோலா சாவா. சுகுமாறன் சுவா. இன்னும் பத்துப் பேர் இருப்போம், எல்லாரும் ஆளுக்கொரு ஊர். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வெள்ளைப் புல்லுக்கு நடுவே "தம்பின், கல்லு பாத்து!" "ரந்தாவ் எங்க, முன்னால போயிருச்சா?" என்று குரல்கள் மிதக்கும். யாராவது வெளியாள் கேட்டால் எங்கள் நெகிரி செம்பிலான் மாநிலத்தின் பாதி ஊர்கள் எழுந்து உலாத்தப் போய்விட்டன என்றே நினைப்பார்.

அந்த நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்பு பால்மரம், பிறகு எண்ணெய்க்குச் செம்பனை. செம்பனையையும் சாய்த்துவிட்டு வீடு கட்டப் போகிறோம் என்று யாரோ வாங்கினார்கள். ஒரு மூலையில் குன்றைக் கொஞ்சம் வெட்டி மண்ணை அள்ளியதோடு சரி, வேலை நின்றுவிட்டது. லாலாங் புல்லுக்கு வேறென்ன வேண்டும்? குன்றுக்குப் பின் குன்றாக இடுப்பளவு, மார்பளவு வளர்ந்துவிட்டது. வெயில் காலத்தில் மழை விட்டு நாளானதும் அது பூக்கும். வெள்ளை வெளேரென்று, பஞ்சு பஞ்சாக. காற்று அடித்தால் நிலமே மூச்சு விடுவது தெரியும். அதற்குள் நடக்கும்போது உடம்புக்குக் கனம் போய்விடும். நான் யாருக்கும் அம்மா இல்லை, யாருடைய விதவையும் இல்லை, கவுண்டர் இல்லை, வெறும் கால்கள்தான். அந்த இரண்டு மணி நேரத்துக்காக நான் வாரம் முழுக்கக் காத்திருந்தேன் என்று சொல்வதில் எனக்கென்ன வெட்கம்?

வெட்கம் வேறொரு விஷயத்தில்.

வரிசையில் கடைசியாக நடப்பவர் சுகுமாறன். ஒருகாலத்தில் இதே எஸ்டேட்டில் குலை லோரி ஓட்டியவர். செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு இதே குன்றுகளில் ஏறி இறங்கியவர். "லோரிக்காரன் பின்னாலதான் வரணும், விழுந்தத பொறுக்கணும்ல" என்பார். அவருக்கு முன்னால், கடைசிக்கு முந்திய ஆளாக நான். யாரும் அப்படி நிற்கச் சொல்லவில்லை, அப்படி அமைந்துவிட்டது. ஒன்றரை வருஷம் ஒரு மனிதரின் காலடிச் சத்தத்தை முதுகில் கேட்டுக்கொண்டு நடந்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. வலது கால் கொஞ்சம் அழுத்தி விழும், இடது கால் லேசாக இழுக்கும். கண்ணை மூடிக்கொண்டு ஆயிரம் பேர் நடையில் அதை மட்டும் பிரித்துச் சொல்லிவிடுவேன். அவர் முகத்தைவிட அவர் நடை எனக்கு நன்றாகத் தெரியும். முகத்தை எங்கே சரியாகப் பார்த்தேன்?

புல்லுக்கு வெளியே, காரடியில், நான் அவரை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவேன். ஒரு பெண் ஓர் ஆணோடு நின்று டீ குடிக்க நம் ஆட்களிடம் அதைவிட நல்ல வேலி கிடையாது. "அண்ணே, சீனி போதுமாண்ணே?" ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்பார்கள். இந்த ஒரு சொல் ஓரளவுக்கு மூடும். சுகுமாறனும் பதிலுக்கு "போதும்மா" என்பார். அந்த "ம்மா"வில் ஒரு சின்னச் சிரிப்பு இருக்கும். அதை நான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவேன்.

ஒரு ஞாயிறு அந்தச் சிரிப்பு இல்லை. மற்றவர்கள் கால் சப்பாத்திலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தபோது, தனியாக என் பக்கம் வந்து நின்றார்.

"ஜொகூர்லேருந்து ஷாமினி கூப்பிடுது. ஒரேயடியா வந்துருங்கப்பான்னு. அடுத்த திங்கக்கெழம லோரி வந்து சாமான ஏத்துது" என்றார். ஷாமினி அவருடைய ஒரே மகள். "எனக்குப் போக ஆச இல்ல. இருங்கன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா இருந்துருவேன். அண்ணனா சொல்லாதீங்க. வேற மாதிரி சொல்றதா இருந்தா சொல்லுங்க."

நான் டீயைக் குடித்தேன். வேறென்ன செய்தேன்? டீயைத்தான் குடித்தேன். மௌனம் சம்மதம் என்பார்கள். எதற்குச் சம்மதம், இருப்பதற்கா போவதற்கா? அவரும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, காலிக் கோப்பையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

எனக்குப் பயம். ஊர் வாய்க்கு மட்டுமில்லை. என் வீட்டுக்காரர் பேரை நான் அவர் இருந்தவரை சொன்னதே இல்லை. எங்கள் வீட்டுப் பழக்கம் அப்படி. "ஏங்க" என்பேன், திரும்பிப் பார்ப்பார். முதல் தடவையாக அவர் பேரை நான் வாய்விட்டுச் சொன்னது ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக் கவுண்டரில், நோயாளி பேர் என்ன என்று கேட்டபோது. அன்று சாயங்காலமே அவர் இல்லை. ஊரார் பேரையெல்லாம் கூப்பிட்டுச் சோறு தின்கிற இந்த வாய்க்கு, எனக்குச் சொந்தமாக ஒருவர் பேரைச் சொல்ல இன்றுவரை நடுக்கம்தான். படித்தவள் இப்படி நினைக்கலாமா என்று கேட்டால், கேளுங்கள். நினைத்தேன்.

அந்த வாரம் முழுக்க "இருங்க" என்று குளியலறையில் சொல்லிப் பார்த்தேன். கண்ணாடி ஒத்துக்கொண்டது.

அவர் கிளம்புவதற்கு முந்திய ஞாயிறு நாங்கள் புறப்பட்டபோது தாழ்வுகளில் மட்டும் பனி கிடந்தது. குன்றுகள் தீவுத் தீவாக மேலே தெரிந்தன. வானம் வெளுத்து, பூ எது பனி எது என்று பிரிக்க முடியாத வெள்ளை. நாங்கள் இறங்கினால் ஒவ்வொருவராகக் கால், இடுப்பு, தோள் என்று கரைந்து போவோம், ஏறினால் தலையிலிருந்து மறுபடி முளைப்போம். மஜீத் பாய்கூட முட்டியைத் திட்டவில்லை.

"கனா மாதிரி இருக்கு லா" என்றார் மெதுவாக.

எனக்குப் பின்னால் அந்தக் காலடி வந்துகொண்டிருந்தது. வலது அழுத்தி, இடது இழுத்து. அடுத்த மேட்டில் சொல்லிவிடுவேன் என்று நினைத்தேன். மேடு வந்தது. சரி, அதற்கடுத்த மேட்டில். திரும்பிப் பார்க்காமல் சொல்லலாம், அதுதான் வசதி. இப்படியே மூன்று நான்கு மேடுகளை ஏமாற்றினேன்.

பிறகு ஒரு பெரிய தாழ்வில் இறங்கினோம். பனி அங்கே கெட்டியாக இருந்தது. கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. எங்கள் ஒற்றையடிப் பாதை அந்த இடத்தில் இடது பக்கம் வளையும். முன்னால் போனவர்கள் "கூ" கொடுத்துக்கொண்டே வளைந்தார்கள், நானும் வளைந்தேன். கொஞ்ச தூரம் போன பிறகுதான் உறைத்தது. என் முதுகு காலியாக இருந்தது.

நின்றேன். புல் உரசுகிற சத்தம்கூட இல்லை.

"ரந்தாவ்!" என்றேன். "சுவாவக் காணோம்!"

வரிசை நின்றது. அக்கா பனிக்குள்ளிருந்து கையால் தடவிக்கொண்டே என்னிடம் வந்தார். "சப்பாத்துக் கயித்தக் கட்ட நின்னிருக்கும். இரு. சுவா! ஓய் சுவா!"

எல்லாரும் கூப்பிட்டோம். சுவா, சுவா என்று பனி முழுக்க ஒரே ஊர்ப் பேர். பதில் வந்தது. "வரேன் லா!" என்று சுகுமாறனின் குரல், ரொம்ப நிம்மதியாக. எல்லாரும் மூச்சு விட்டார்கள். ஆனால் அந்தக் குரல் பின்னாலிருந்து வரவில்லை. வலது பக்கம், மேலேயிருந்து வந்தது.

வலது பக்கம் என்ன இருக்கிறது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். பழைய குலை லோரி ரோடு. புல் மூடிவிட்டாலும் அடியில் கல் போட்ட தரை கெட்டியாகவே இருக்கிறது. அது நேராக ஏறிப்போய், வெட்டின குன்றின் உச்சியில் முடிகிறது. முடிகிறது என்றால், ரோடு இருக்கிறது, பிறகு இல்லை. கீழே இரண்டு மாடி ஆழத்துக்குச் செம்மண் சுவர். சுகுமாறனுக்கும் அது தெரியும். போன மாதம் எங்களுக்குக் காட்டியதே அவர்தான். ஆனால் கண் தெரியாத பனியில் கால்தானே வழி பார்க்கும்? எத்தனையோ வருஷம் லோரியில் ஏறி இறங்கிய ரோடு காலுக்குக் கிடைத்ததும் அவர் அதைப் பாதை என்று நம்பிவிட்டார்.

"நில்லுங்க! அங்க பள்ளம்!" என்று அக்கா கத்தினார்.

"வரேன், வரேன்!"

இப்போது இன்னும் மேலே. நாங்கள் கத்தியது பள்ளத்துக்கு அப்பாலிருந்த மண்சுவரில் பட்டு எதிரொலித்து, எதிர்ப்பக்கத்திலிருந்து அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். சொல் எல்லாம் பனியில் கரைந்து, சத்தம் மட்டும்தான் போய்ச் சேர்ந்தது. நாங்கள் கத்தக் கத்த அவர் பள்ளத்தைப் பார்த்து நடந்தார். மஜீத் பாய் "யா அல்லா" என்று புல்லுக்குள் ஓடப் பார்த்து, நாலு எட்டில் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"யாரும் கூப்பிடாதீங்க!" என்றேன். நானா அவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. எல்லாரும் வாயை மூடினார்கள். அந்த அமைதியில் அந்தக் காலடி எனக்கு மட்டும் கேட்டது. வலது அழுத்தி, இடது இழுத்து. ஏறிக்கொண்டிருந்தது.

"அண்ணே!" என்று தொண்டைவரை வந்தது. அண்ணே என்றால் இந்த நாட்டில் யார்தான் நிற்பார்? ஆயிரம் அண்ணன்மார் இருக்கிறார்கள்.

"சுகுமாறன்!"

பக்கத்தில் அக்கா என் கையை இறுக்கினார். "ஏய், பேரு..."

காலடி நின்றது.

நின்றதா? விழுந்தாரா? விழுந்திருந்தால் சத்தம் கேட்டிருக்குமே. பனியில் கேட்குமா?

"சுகுமாறன்!"

ஒன்றுமில்லை. என் குரல் போய் மண்சுவரில் முட்டித் திரும்பி வந்தது. வேறு யாரோ அந்தப் பேரைச் சொன்ன மாதிரி இருந்தது. அக்கா சொல்லும் அந்த ஏதோ ஒன்றும் இப்படித்தான் கூப்பிடும்போல.

மூன்றாவதைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. மூன்று தடவைக்குப் பிறகு என்ன செய்வார்கள் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? கார்டை ஓரமாக வைப்பார்கள். கூப்பிடாமல் இருக்கிற வரைக்கும் அவர் அங்கே நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பேரைச் சொன்னதற்கு ஒரு தடவை விலை கொடுத்தவள் நான். சாமி, இந்த மனிதரை விட்டுவிடு என்று வேண்டிக்கொண்டேன். இருங்கள் என்று ஒரு வார்த்தையைக் கஞ்சத்தனம் பண்ணி வைத்திருந்தேனே என்று அழுகை முட்டியது. அழுதுகொண்டேதான் கூப்பிட்டேன்.

"சுகுமாறன்!"

கொஞ்சம் பனி நகர்ந்தது. மேலேயிருந்து, மெதுவாக, ரொம்பத் தெளிவாகக் குரல் வந்தது.

"ஏன்?"

அக்கா என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதுவிட்டார். நான் கத்தினேன். "அங்கயே நில்லுங்க! ஒரு அடி எடுத்து வைக்காதீங்க!"

வெயில் ஏறிப் பனி விலகும்வரை அவர் அப்படியே நின்றார், நாங்களும் நின்றோம். வெள்ளை மெதுவாக மேலே சுருண்டு போனது. முதலில் தொப்பி தெரிந்தது, பிறகு தோள். மார்பளவு பூவுக்குள் சுகுமாறன் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். அவருக்கு முன்னால் இன்னும் கொஞ்சம் புல், அதற்கப்பால் வெறும் வானம்.

நிதானமாகத் திரும்பி, வந்த ரோட்டிலேயே இறங்கி வந்தார். அக்கா அவர் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டார். "கண்ணு எங்க வெச்சிருந்த? செத்துத் தொலைஞ்சிருப்பியே!"

"நீங்க சொல்லிக் குடுத்ததுதானேக்கா. பேரு கேட்டுச்சி, நின்னுட்டேன். மூணு தடவ வரட்டும்னு இருந்தேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "மூணாவது வருமா வராதான்னுதான் பயமா இருந்துச்சி."

காரடிக்குத் திரும்பும்வரை யாரும் யாரையும் கூப்பிடவில்லை. அவர் எனக்குப் பின்னால்தான் வந்தார். ஒவ்வொரு காலடியையும் எண்ணாமல் கேட்டுக்கொண்டே நடந்தேன்.

புல்லை விட்டு வெளியே வந்து தார் ரோட்டில் ஏறினோம். மஜீத் பாய் பிளாஸ்க்கைத் திறந்தார். ஊற்றிய டீ பாதி வெளியே போனது. அழுது முடித்ததும் அக்காவுக்குப் பழைய வாய் வந்துவிட்டது.

"சட்டத்த மீறி உள்ள பேரு சொன்னதுக்கு அபராதம் போடலாம்னு பாத்தேன். போனா போவுது" என்றார். "இப்பதான் வெளிய வந்தாச்சே, புனிதா. இனி எத்தன தடவ வேணும்னாலும் தாராளமா சொல்லு. எங்க, கூப்பிடு பாப்போம்."

எல்லாரும் சிரித்தார்கள். சுகுமாறன் சிரிக்கவில்லை. தன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றார். மகளிடமிருந்து அழைப்பு வந்து வந்து நின்றிருக்கிறது. நாளைக்கு லோரி எத்தனை மணிக்கு என்று கேட்கத்தான்.

பாய் நீட்டிய கோப்பையை நான் வாங்கிக்கொண்டேன். என்னுடையது இல்லை, அவருக்கு ஊற்றியது. சீனி போட்டேன், கலக்கினேன். அவரைக் கூப்பிட வேண்டும். பேரைச் சொல்லலாம், சொல்லியாகிவிட்டதே, மூன்று தடவை, பத்துப் பேர் காதில் விழ. வாயைத் திறந்தேன். பேர் வரவில்லை. அண்ணே என்பதும் வரவில்லை.

"ஏங்க" என்றேன். "டீ ஆறுது."

பாயின் கை பிளாஸ்க்கோடு அப்படியே நின்றது. செல்லம் அக்கா வாய்க்குக் கொண்டுபோன கோப்பையைக் கீழே இறக்கினார். சுகுமாறன் முதல் தடவையிலேயே திரும்பிவிட்டார்.

வந்து கோப்பையை வாங்கினார். மறு கையால் கைப்பேசியைக் காதில் வைத்தார்.

"ஷாமினி, அப்பா பேசறேன்ம்மா" என்றார். "லோரிய வர வேணாம்னு சொல்லிடு."